தவுச்சான் போர்க் கல்லறையும் அதன் இலவசத் தேடலும்: மூன்று அண்ணன் தம்பிகளில் ஒருவர் கிடைத்தார்

ரங்கூனில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் யுத்தத்தில் போன ஒருவரின் கதை இருக்கும். "பட்டாளத்துக்குப் போனார், திரும்பி வரவில்லை" என்பதோடு அந்தக் கதை நின்றுவிடும். அப்படிப் போனவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியுமா, காசு ஆகுமா, ரங்கூனுக்கு வடக்கே போர்க் கல்லறை இருக்கிற தவுச்சான் வரைக்கும் போனால் என்னதான் பார்க்கலாம் என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன். பதிலை முதலில் சொல்கிறேன்: முடியும், பைசா செலவில்லை, கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் யாரைத் தேடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் சர்க்கார் சீருடையில் செத்தவர் என்றால் கிடைப்பார். மற்றவர்கள் கிடைக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் போனார்கள், ஒருவர் கிடைத்தார்.

மூன்று பேரும் எங்கள் அப்பத்தாவோடு பிறந்தவர்கள். மூத்தவர் சிவகங்கைப் பக்கம் சொந்த ஊரிலேயே இருந்து மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தவர். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணி வெடி எடுப்பது, படகு கட்டுவது எல்லாம் அந்தப் படைக்காரர்கள் வேலை. நடு அண்ணனும் கடைசித் தம்பியும் கப்பலேறி ரங்கூன் வந்தார்கள். நடு அண்ணனுக்கு அரிசி மில்லில் கணக்கு வேலை, தம்பிக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. அப்பத்தா கல்யாணமாகி இங்கே வந்ததே இந்த அண்ணனும் தம்பியும் இருக்கிற தைரியத்தில்தான்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். அடுத்த மார்ச் 8-ஆம் தேதி ஊர் விழுந்துவிட்டது. அதற்குள் நடு அண்ணன் மில்லில் கூட வேலை பார்த்தவர்களோடு ப்ரோம் ரோட்டில் நடையாகக் கிளம்பிவிட்டார். ப்ரோமிலிருந்து மலை தாண்டி டவுங்கப், அங்கிருந்து அக்யாப், பிறகு சிட்டகாங். அதுதான் திட்டம். டவுங்கப் கணவாயில் அந்த மாதங்களில் காலரா. அவரோடு போனவர்களில் ஊர் போய்ச் சேர்ந்த ஒருவர், கணவாய்க்கு இந்தப் பக்கமே அவரைப் பார்த்ததுதான் கடைசி என்று எழுதியிருக்கிறார். தம்பி இங்கேயே தங்கிவிட்டார். நேதாஜி 1944 ஜனவரியில் தலைமையகத்தை ரங்கூனுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய இந்திய தேசிய ராணுவமான ஐஎன்ஏவில் சேர்ந்தார், 1945 தொடக்கத்தில் போப்பா மலைப் பக்கம் போன படையில் இருந்தார், அவ்வளவுதான் வீட்டுக்குத் தெரியும். அப்பத்தாவும் தாத்தாவும் சிரியம் பக்கத்துக் கிராமத்தில் ஒளிந்திருந்து பிழைத்தவர்கள்.

மூத்தவர் விஷயத்தில் மட்டும் ஒரு காகிதம் இருந்தது. ஊரில் அவர்களுடைய அம்மாவுக்கு வந்த ராணுவக் கடிதம், பிற்பாடு யார் மூலமோ ரங்கூன் வந்து, அப்பத்தாவின் தகரப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பெயரில் பாதி போய்விட்டது. சேவை எண் மட்டும் தெளிவாக இருந்தது. அது போதும் என்பது தேடிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சரி, தேடல் எப்படி என்று சொல்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று ஓர் அமைப்பு, 1917-இல் தொடங்கியது. இரண்டு உலக யுத்தங்களிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துப் படைகளில் செத்தவர்கள் ஏறக்குறைய 17 லட்சம் பேருக்குக் கல்லறையோ பெயர்ப் பலகையோ வைத்துப் பராமரிக்கிறார்கள். அவர்களுடைய இணையதளத்தில் அத்தனை பேர் பதிவும் இருக்கிறது. குடும்பப் பெயர், படை, நாடு, இறந்த வருஷம், சேவை எண் எதை வைத்தும் தேடலாம். நம் ஆட்களுக்குப் பெயரை வைத்துத் தேடினால் திண்டாட்டம்தான். சுப்பையா என்று வைத்துக்கொள்ளுங்கள், அதை ஆங்கிலத்தில் எழுத ஐந்தாறு வழி இருக்கிறது, ஆள் எடுத்த அன்று பதிவு செய்த ராணுவ எழுத்தர் எந்த வழியில் எழுதினாரோ அந்த வழியில்தான் இன்றைக்கும் பதிவில் இருக்கும், கல்லிலும் இருக்கும். இனிஷியலும் பல பேருக்குக் கிடையாது. சேவை எண் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இந்திய ராணுவம் என்று போட்டு, நினைவிடம் என்ற இடத்தில் ரங்கூன் மெமோரியல் என்று போட்டு, படைப்பிரிவையும் வருஷத்தையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலை, கரண்ட் இருக்கிற நேரமாகப் பார்த்து உட்காருங்கள்.

எண்ணைப் போட்டதும் எங்கள் பெரியவர் வந்துவிட்டார். சாப்பர் என்று பதவி, படை, இறந்த மாதம் 1945 பிப்ரவரி. அதற்குக் கீழே கூடுதல் விவரம் என்று ஓரிரு வரி: இன்னாருடைய மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா. வீட்டில் வாய்வழியாக மட்டும் இருந்த கொள்ளுத் தாத்தாவின் பெயரை நாங்கள் முதல் தடவையாக எழுத்தில் பார்த்தது அங்கேதான். என் அத்தை அந்த வரியை போனில் பெரிதாக்கி, ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "நம்ம ஊருதாண்டா" என்றார். பதிவைச் சான்றிதழ் மாதிரி அச்செடுத்துக்கொள்ளலாம், எடுத்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிவைத் "தேடி எடுத்துத் தருகிறேன்" என்று பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவரிடமே ஒரு தரகர் நல்ல தொகை கேட்டார், லண்டனுக்கு எழுதிப் போட வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றெல்லாம் சொல்லி. செத்துப்போனவரின் பெயரை அவர் வீட்டுக்கே விலைக்கு விற்கிற வேலை அது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கொடுக்காதீர்கள். பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் போதும், தேடிவிடும்.

இனி இடத்தைப் பற்றி. நகர நடுவிலிருந்து வடக்கே, விமான நிலையம், மிங்களாடோன் எல்லாம் தாண்டி, ப்ரோம் ரோடும் பெகு வழியாக மாந்தலே போகிற பழைய ரோடும் பிரிகிற இடம்தான் தவுச்சான். அந்த ஊரை ஒட்டியே கல்லறை. நுழைவுக் கட்டணம் கிடையாது. நடு அண்ணன் 1942-இல் மூட்டையோடு நடந்துபோன அதே ப்ரோம் ரோட்டில்தான் மூத்தவரைப் பார்க்க நாங்கள் வண்டியில் போனோம் என்பது இன்செயின் தாண்டும்போது மனசில் பட்டது, அதற்கப்புறம் வண்டியில் யாரும் அதிகம் பேசவில்லை.

1951-இல் இந்த இடத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். அக்யாப், மாந்தலே, மெய்க்டிலா, சாமோ என்ற நான்கு இடங்களில் போர்க்களத்தை ஒட்டி இருந்த கல்லறைகளுக்குப் போய்வருவதும் பராமரிப்பதும் சிரமமாக இருந்ததால், அங்கே புதைத்தவர்களை இங்கே கொண்டுவந்தார்கள். இப்போது இரண்டாம் யுத்தத்தில் செத்த 6,374 பேர் இங்கே அடக்கம், அதில் 867 பேர் யாரென்றே தெரியாதவர்கள். முதல் யுத்தக் காலத்தில் பர்மாவில் செத்த 52 பேரையும் பிற்பாடு மெய்மியோ, மாந்தலே போன்ற ஊர்களிலிருந்து எடுத்து வந்து சேர்த்திருக்கிறார்கள். நிமிர்ந்த கல் கிடையாது. தரையோடு தாழ்ந்த சின்னப் பீடம், அதன்மேல் வெண்கலத் தகடு, அதில் பெயர், எண், படை, தேதி. பல தகடுகளில் கடைசியில் வீட்டார் எழுதச் சொன்ன ஒரு வரி இருக்கும். வரிசை வரிசையாக, நடுவில் பூச்செடி. விக்டோரியா கிராஸ் வாங்கிய ஜார்ஜ் கெய்ர்ன்ஸ் இங்கேதான் இருக்கிறார், அவருக்கும் பக்கத்தில் கிடக்கிற சாதாரண சிப்பாய்க்கும் ஒரே அளவுப் பீடம்தான். அதிகாரி, சிப்பாய் என்று கல்லில் வித்தியாசம் காட்டக் கூடாது என்பது இந்த ஆணையத்தின் விதி. நம்மூர் மயானத்தில்கூடப் பார்க்காத விஷயம் அது.

பராமரிப்புக்கு ஐந்துக்கு ஐந்து. மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் போனோம். நம் ஊர் மழையில் ஒரு வாரம் விட்டால் சுவரே பச்சையாகிவிடும், இங்கே ஒரு தகட்டில் பாசி கிடையாது, புல் வெட்டி ஒழுங்காக இருந்தது. ஊரில் என்னென்னவோ நடந்து முடிந்தும் இந்தத் தோட்டத்தை மட்டும் விடாமல் பார்த்துக்கொள்கிற அந்தத் தொழிலாளிகளுக்குக் கை எடுத்துக் கும்பிட வேண்டும். அங்கே வேலை செய்த ஓர் ஊலேயிடம், அதாவது மாமா வயதுக்காரர் ஒருவரிடம், பர்மியத்தில் விசாரித்தேன், படையின் பெயரைச் சொன்னதும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கூடவே வந்தார்.

ஏனென்றால் நம் ஆட்களைப் புல்வெளியில் தேடினால் அநேகமாகக் கிடைக்க மாட்டார்கள். நடுவில் இருக்கிற ரங்கூன் நினைவுமண்டபத்தில் தேட வேண்டும். வட்டமான ஒரு நடு மண்டபம், இரண்டு பக்கமும் நீளமாகத் தூண் வரிசை. அந்தச் சதுரத் தூண்களில்தான் உடல் கிடைக்காமல் போன, கல்லறை எதுவென்று தெரியாமல் போன ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். 1958 பிப்ரவரி 9-ஆம் தேதி திறந்தது. தூணின் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண். இணையப் பதிவில் முகம் இத்தனை என்று போட்டிருக்கும், அதைக் குறித்துக்கொண்டு போனால் நேரே போய் நிற்கலாம். படை வாரியாக, அதற்குள் பதவி வாரியாக, அதற்குள் எழுத்து வரிசையில் இருக்கும். பஞ்சாப், கூர்க்கா, பலூச், பர்மா ரைபிள்ஸ், அப்புறம் நைஜீரியாவிலிருந்தும் கோல்டு கோஸ்டிலிருந்தும் வந்து இந்தக் காட்டில் செத்த ஆப்பிரிக்கப் பிள்ளைகள். முத்து, ராமசாமி, ஆரோக்கியம், அப்துல் என்று நம் பெயர்களும் ஒரே கல்லில் அடுத்தடுத்து வரும்போது நின்று நின்றுதான் போக முடிகிறது.

காலையிலேயே போங்கள். எழுத்துகளில் சாயம் கிடையாது, கல்லில் வெட்டியதோடு சரி. வெயில் சாய்ந்து விழும்போது வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து பளிச்சென்று படிக்கலாம், உச்சி வெயிலில் கல் கூசும், பெயர் தெரியாது. பெரியவரின் பெயர் நல்லவேளையாக என் அத்தையின் தோள் உயரத்தில் இருந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றிவிட்டு விரலாலேயே தடவிப் படித்தார். முதல் எழுத்தின் வளைவில் சிலந்தி கூடு கட்டியிருந்தது, முந்தானையால் துடைத்தார். ஊலே ஓடிப்போய் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தார்.

இந்துக்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தகனம் செய்யப்பட்டவர்களுக்குத் தனி நினைவிடம் இதே வளாகத்தில் இருக்கிறது, 1,000 பேருக்கு மேல். உங்கள் ஆள் தூணில் இல்லை, புல்வெளியிலும் இல்லை என்றால் அங்கே பாருங்கள். நினைவுமண்டபத்தில் இருப்பவர்களுக்குச் சடங்கே நடக்கவில்லை, கூட இருந்தவர்களுக்குக் கிடைத்த இறுதிச் சடங்கு இவர்களுக்கு யுத்தத்தின் போக்கால் கிடைக்காமல் போயிற்று என்ற பொருளில் நடு மண்டபத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதை நான் படித்து அத்தைக்குச் சொன்னேன். அவர் எதிர்பார்த்துத்தான் வந்திருக்கிறார். கூடையில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கொஞ்சம் எள், வீட்டில் செய்த அதிரசம். தூணுக்குக் கீழே இலை போட்டு வைத்து, மூன்று பேர் பெயரையும் சொன்னார், ஒரு பெயரோடு நிறுத்தவில்லை. மற்ற இரண்டு பேருக்கும் வேறு எங்கே போய் வைப்பது? சூடம் மட்டும் கல்லை விட்டுத் தள்ளி, தரையில் தட்டு வைத்து ஏற்றினோம், அந்தக் கல் கரி படக் கூடாது. எல்லாம் முடிந்ததும் சுத்தமாக எடுத்துவிட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

குறை என்று சொல்ல வேண்டியது இனிமேல்தான். மண்டபத்தில் "சுதந்திர மனிதர் எல்லோருக்காகவும் இவர்கள் உயிர் கொடுத்தார்கள்" என்கிற கருத்தை ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி என்று ஐந்து வகை எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். தமிழ் இல்லை. மெட்ராஸ் சாப்பர்கள் செத்திருக்கிறார்கள், மெட்ராஸ் ரெஜிமெண்ட் செத்திருக்கிறது, அந்த வீட்டுப் பெண்கள் வந்து நின்றால் படிக்க ஒரு வரி கிடையாது. அத்தைக்கு நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரியது, யாரைக் கணக்கில் எடுப்பது என்கிற விஷயம். பதிவில் பல வெள்ளைக்காரச் சிப்பாய்களின் கூடுதல் விவரத்தில் "இவருடைய சகோதரர் இன்னாரும் பணியில் இறந்தார்" என்று ஒரு வரி சேர்த்திருப்பார்கள். ஒரே வீட்டில் இரண்டு பேரைக் கொடுத்த தாய்க்கு அது ஓர் ஆறுதல், ஒரு பிள்ளையைத் தேடிப் போனால் இன்னொரு பிள்ளையும் அங்கேயே இருக்கும். எங்கள் பெரியவரின் பதிவில் அப்படி ஒரு வரி வராது, வரவும் வழியில்லை. கூடப் பிறந்த இரண்டு பேர் அதே யுத்தத்தில்தான் செத்தார்கள், ஆனால் ஒருவர் கணக்குப்பிள்ளை, இன்னொருவர் எதிர்ப்படை. 1942-இல் பர்மாவை விட்டு ஏறக்குறைய 5 லட்சம் இந்தியர்கள் தரைவழியாகக் கிளம்பினார்கள், வழியில் செத்தவர்கள் 10,000 என்பாரும் உண்டு, 50,000-க்கு மேல் என்பாரும் உண்டு. இவ்வளவு அகலமாகக் கணக்கு விரிந்து கிடக்கிறது என்றாலே ஒரு பட்டியலும் யாரும் எடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

ஐஎன்ஏ விஷயம் வேறு மாதிரி வலிக்கிறது. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ்காரர்களின் பதினான்காம் படை ஐராவதியைக் கடந்தது, பெரியவர் செத்தது அந்த மாதம். அதே மாதம் ஞாவுங்ஊவிலும் போப்பாவைச் சுற்றியும் அந்தப் படையை எதிர்த்து நின்றது ஐஎன்ஏ. அண்ணனும் தம்பியும் ஒரே ஆற்றுக்கு இரண்டு பக்கம். பட்டாளத்தில் மெட்ராஸ் சாப்பர்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள் என்று படித்ததிலிருந்து அத்தைக்கு இந்த ஞாபகம்தான். அண்ணன் போட்ட சீருடைக்குக் கல் இருக்கிறது, தம்பி போட்ட சீருடைக்கு எனக்குத் தெரிந்து இந்த மண்ணில் ஒரு பெயர்ப் பலகைகூட இல்லை. ஜப்பான்காரன் ரங்கூனை விட்டுப் போன ஏப்ரல் கடைசியில், ஐஎன்ஏ மேஜர் ஜெனரல் நம் லோகநாதன் தலைமையில் 6,000 ஐஎன்ஏ வீரர்கள் இங்கேயே தங்கி, கொள்ளை நடக்காமல் இந்தியக் குடும்பங்களைக் காப்பாற்றினார்கள், அப்பத்தா சாகிறவரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஊரில்தான் அவர்களில் செத்தவர்களுக்கு இடமில்லை.

தன்பியூசயாட்டுக்கும் போய்வந்தேன், மோல்மேனுக்குத் தெற்கே, யுத்தத்தில் ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் வந்து முடிந்த இடம். அங்கே 3,149 காமன்வெல்த் வீரர்களும் 621 டச்சுக்காரர்களும் அடக்கம், ஒவ்வொருவருக்கும் தகடு உண்டு. 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழ்க் கூலிகள் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள், ஒரு பெயர் கிடையாது. இதற்கு ஆணையத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்களுக்குக் கொடுத்த வேலை சீருடைக்காரர்களைப் பார்ப்பது. முதல் யுத்தத்தில் செத்த ஆசிய, ஆப்பிரிக்க ஆட்களில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி நினைவுகூராமல் விட்டுவிட்டோம் என்று 2021-இல் அவர்களே அறிக்கை போட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அந்த நேர்மைக்காகவே இந்தச் சேவை மேல் எனக்கு மரியாதை அதிகம். மற்றவர்களுக்கு யார் செய்வது என்றால், நம் கோயில்கள் செய்யலாம். காளியம்மன் கோயிலிலோ பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலிலோ ஒரு நோட்டுப் போட்டு, டவுங்கப் வழியிலும் ஐஎன்ஏவிலும் ரயில் வேலையிலும் போனவர்கள் பெயரை வீடு வீடாகக் கேட்டு எழுத ஆரம்பித்தால் இப்போதும் முடியும். கேட்டுச் சொல்லக்கூடிய கிழவிகள் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். நான் எங்கள் தெருவில் ஆரம்பித்துவிட்டேன்.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில விஷயம். தண்ணீர், குடை, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், புல்வெளியில் நிழல் குறைவு. வயதானவர்களைக் கூட்டிப் போகலாம், பாதை சமதளம், தூண் வரிசையில் உட்காரப் படி இருக்கிறது. வாடகை வண்டி என்றால் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்து முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் போன வண்டிக்காரர் அங்கே போன பிறகு இரட்டிப்பாகக் கேட்டார், கல்லறை வாசலில் நின்று பேரம் பேச வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் இருக்கும், வார நாள் நல்லது. பதிவில் அப்பா பெயரோ ஊரோ தப்பாக இருந்தால் ஆதாரத்தோடு எழுதினால் பரிசீலிக்கிறார்கள். எங்கள் பெரியவரின் பதிவில் அம்மா பெயர் இல்லை. பழைய கடிதத்தையும் ஊர்ப் பத்திரத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். அதிலேயே தம்பிகள் இரண்டு பேர் விவரத்தையும் எழுதியிருக்கிறேன், சேர்க்க விதி இடம் கொடுக்காது என்று தெரிந்தேதான் எழுதினேன்.